திரும்பிவராத லாபம்: பன்னாட்டு நிறுவனங்களின் வருமான வரிக் கணக்கியலில் ஒரு விதிவிலக்கின் வரலாறு

ஒரு பன்னாட்டு நிறுவனம் ஆண்டுக் கணக்கு எழுதும்போது உலகெங்கும் உள்ள தன் துணை நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே நிறுவனம்போல் காட்டுகிறது. வரி அதிகாரிக்கு அப்படி ஒரு நிறுவனமே கிடையாது. சென்னையில் ஒரு கம்பெனி, டப்ளினில் ஒரு கம்பெனி, மொரீஷியஸில் ஒரு கம்பெனி என்று தனித்தனியாகத்தான் அவர் பார்ப்பார். சென்னைக் கம்பெனியின் லாபம் அந்த ஆண்டே அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் கூட்டுக் கணக்கில் ஏறிவிடுகிறது. அதற்கு இந்தியாவில் உண்டான வரியும் அதே ஆண்டின் செலவாக எழுதப்படுகிறது. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் அந்தப் பணம் ஈவுத்தொகையாக எல்லை தாண்டும் நாளில் இரண்டாவது வரி ஒன்று காத்திருக்கிறது. அந்த நாள் அடுத்த ஆண்டே வரலாம், முப்பது ஆண்டு கழித்து வரலாம், வராமலே போகலாம். அந்த வரியை இன்றே கடனாகக் காட்ட வேண்டுமா?

இந்தக் கேள்விக்குக் கணக்கியல் தரங்கள் சொல்லிவந்த பதிலின் வரலாற்றைத் தொடர்வதே இக்கட்டுரை. வருமான வரிக் கணக்கியலின் பொதுக் கோட்பாடு கடந்த எண்பது ஆண்டுகளில் படிப்படியாகக் கறாராகிக்கொண்டே வந்திருக்கிறது. கடல்கடந்த லாபம் மட்டும் நிர்வாகத்தின் எண்ணத்தையே சான்றாக ஏற்கும் ஒரு விதிவிலக்குக்குள் பத்திரமாக இருந்துவிட்டது. அங்கிருந்து அது அவ்வப்போது வெளியே வந்தது வரிச் சட்டங்கள் மாறியதால்தான். கணக்கியல் தரம் அமைப்போர் அதை வெளியே இழுக்கவில்லை.

அமெரிக்கக் கம்பெனிகள் மீது மத்திய அரசின் வரி 1909இல் வந்தது. அந்த வரி ஒரு செலவா, லாபத்தில் அரசு எடுத்துக்கொள்ளும் பங்கா என்பது நெடுநாள் தெளிவில்லாமல் இருந்தது. 1944 டிசம்பரில் அமெரிக்கக் கணக்காளர் கழகத்தின் குழு வெளியிட்ட 23ஆம் ஆய்வு மடல், வரியும் மற்றச் செலவுகளைப் போன்றதே, எந்த வருமானத்தோடு தொடர்புடையதோ அந்த வருமானத்தோடு சேர்த்தே அதை எழுத வேண்டும் என்றது. 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் வேகமான தேய்மானத்தை அனுமதித்த பிறகு இதில் பெரிய தொகைகள் புரளத் தொடங்கின. கணக்கேட்டில் மெல்லத் தேயும் இயந்திரம் வரிப் படிவத்தில் விரைந்து தேய்ந்தது. இன்று மிச்சமாகும் வரியைப் பின்னாளில் கட்ட வேண்டிவரும். அந்தத் தொகையைப் பங்குதாரர் மூலதனத்தோடு சேர்க்கக் கூடாது என்று 1959இல் கணக்காளர் கழகம் ஒரு கடிதம் அனுப்ப முனைந்தது. அமெரிக்கன் எலக்ட்ரிக் பவர் குழுமத்தின் மூன்று மின்சாரக் கம்பெனிகள் அந்தக் கடிதத்தைத் தடுக்கக் கோரி நீதிமன்றம் சென்று தோற்றன. ஐந்தொகையில் ஒரு தொகை எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பது அவற்றுக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. கணக்கியலை வெறும் எழுத்தர் வேலை என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படித்துப் பார்க்கலாம்.

1967 டிசம்பரில் கணக்கியல் கோட்பாடுகள் வாரியத்தின் 11ஆம் கருத்துரை வந்தது. கணக்குக்கும் வரிப் படிவத்துக்கும் இடையிலான எல்லாக் கால வேறுபாடுகளுக்கும் ஒத்திவைக்கப்பட்ட வரி எழுத வேண்டும் என்று அது பொது விதி வகுத்தது. துணை நிறுவனங்களின் பங்கிடப்படாத லாபம் உள்ளிட்ட சிலவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தது.

அந்தப் பிறகு வந்தது 1972 ஏப்ரலில், 23ஆம் கருத்துரையாக. துணை நிறுவனத்தின் லாபம் ஒருநாள் தாய் நிறுவனத்துக்கு வந்துசேரும் என்றே அனுமானிக்க வேண்டும் என்று அது தொடங்குகிறது. அடுத்த கணமே வழிவிடுகிறது. லாபத்தைத் துணை நிறுவனம் காலவரையின்றி அங்கேயே முதலீடு செய்துவிட்டது, அல்லது செய்யப்போகிறது என்பதற்குச் சான்று இருந்தால் வரி எதுவும் எழுத வேண்டாம். சான்று என்றால் நிர்வாகத்தின் திட்டங்கள், பழைய நடைமுறை, துணை நிறுவனத்தின் பணத் தேவை ஆகியவை. ஆக, கடன் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்ய நிர்வாகத்தின் மனத்தைக் கேட்க வேண்டியிருந்தது.

இதைக் கணக்காளர்களின் தாராளம் என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. அமெரிக்க வரிச் சட்டமே அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டு லாபத்தின் மீதான வரி ஒத்திவைப்பை வளர்ந்த நாடுகளைப் பொறுத்தவரை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1961 ஏப்ரலில் அதிபர் கென்னடி காங்கிரஸைக் கேட்டார். காங்கிரஸ் அதைச் சுருக்கி, 1962இல் சில வகை வருமானங்களுக்கு மட்டும் உடனடி வரி விதித்தது. மற்றதற்கு வரி, பணம் வீடு திரும்பும் நாளில்தான். எந்த ஆண்டு வரும், எந்த நாட்டின் வழியாக வரும், அப்போது என்ன விகிதம், வெளிநாட்டில் கட்டிய வரிக்கு எவ்வளவு கழிவு கிடைக்கும் என்று கணக்கிடுவது உண்மையிலேயே கடினம். கணக்கிடுவதில் உள்ள சிரமத்துக்காகக் கொடுத்த சலுகைதான் இது, கோட்பாட்டிலிருந்து பிறந்ததல்ல. அதற்கு ஆயுள் நீண்டதற்குக் காரணம் வேறு: அதனால் பயன்பெற்றவர்கள் பெருகினார்கள்.

கோட்பாடு இதற்கிடையே தலைகீழாகத் திரும்பியது. 1986ஆம் ஆண்டின் சீர்திருத்தம் அமெரிக்கக் கம்பெனி வரியை 46 சதவீதத்திலிருந்து 34 சதவீதமாகக் குறைத்தது. பழைய முறையில், 46 சதவீதத்தில் எழுதிய ஒத்திவைப்புத் தொகை விகிதம் குறைந்த பிறகும் அப்படியே கிடக்கும். வருங்காலத்தில் உண்மையில் கட்டப்போகும் தொகையே கடன் என்று பார்க்கும் பொறுப்பு முறையை அமெரிக்க நிதிக் கணக்கியல் தர வாரியம் 1987 டிசம்பரில் தன் 96ஆம் தரத்தில் கொண்டுவந்தது. அந்தத் தரம் ஆண்டுவாரியாக அட்டவணை போடச் சொன்னதில் கம்பெனிகள் திணறின. அமலாகும் தேதி மூன்று முறை தள்ளிப்போயிற்று. 1992 பிப்ரவரியில் 109ஆம் தரம் அதை நீக்கி, இன்றும் அடிப்படையாக இருக்கும் முறையை நிறுவியது. சர்வதேசத் தரமான ஐ.ஏ.எஸ். 12, 1979இல் இரு முறைகளையும் அனுமதித்திருந்தது. 1996 அக்டோபர் திருத்தத்தில் அதுவும் இந்தப் பக்கம் வந்தது.

109ஆம் தரம் உள்நாட்டுத் துணை நிறுவனங்களுக்கு இருந்த சலுகையை 1992க்குப் பிந்தைய லாபத்துக்கு நிறுத்தியது. வெளிநாட்டவற்றுக்கு விட்டுவைத்தது. ஐ.ஏ.எஸ். 12 எண்ணத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவதில்லை. லாபம் எப்போது வர வேண்டும் என்பது தாய் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்து, கண்ணுக்கெட்டிய காலத்தில் அது வராமலிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றால் போதும் என்கிறது. சொல்லும் விதம் வேறாக இருந்தாலும் பெரும்பாலும் போய்ச்சேரும் இடம் ஒன்றே.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். 2017 வரை இருந்த விகிதங்களை எடுத்துக்கொள்வோம்: அயர்லாந்தில் 12.5 சதவீத வரி, அமெரிக்காவில் 35. அயர்லாந்தில் 100 டாலர் சம்பாதித்த நிறுவனம் பணத்தை அங்கேயே வைத்திருப்பதாகச் சொன்னால் வரிச் செலவு 12.50 டாலர். கொண்டுவர முடிவெடுத்தால், பணம் வருவதற்கு முன்பே, முடிவெடுத்த காலாண்டிலேயே இன்னும் 22.50 டாலர் செலவாக விழும். வரியைத் தள்ளிப்போடுவது ஒரு லாபம்; அந்தத் தள்ளிப்போடலை லாப நஷ்டக் கணக்கில் காட்டாமல் இருப்பது இன்னொரு லாபம். ஜான் கிரஹாம், மிஷெல் ஹான்லன், டெர்ரி ஷெவ்லின் ஆகியோர் வரிப் பிரிவு நிர்வாகிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு, பணத்தைக் கொண்டுவருவதா வேண்டாமா என்ற முடிவில் கையிலிருந்து போகும் வரிக்கு நிகராகக் கணக்கில் ஏறும் வரிச் செலவும் எடைபோடப்படுவதைக் காட்டியது. கணக்கு எழுதும் விதி முதலீட்டின் இடத்தையே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

2004இல் அமெரிக்கா ஒரு முறை மட்டும் 5.25 சதவீத வரியில் பணத்தைக் கொண்டுவர வாய்ப்புத் தந்தபோது 843 நிறுவனங்கள் 312 பில்லியன் டாலருக்கு அந்தச் சலுகையைப் பெற்றன. காலவரையின்றி அங்கேயே இருக்கும் என்று சொல்லப்பட்ட லாபத்தில் கணிசமான பகுதி, விலை குறைந்ததும் கிளம்பி வந்துவிட்டது. இதில் கற்றுக்கொண்ட பாடம், அடுத்த சலுகைக்குக் காத்திருப்பது என்பதே. 2013 ஏப்ரலில், வெளிநாட்டில் மலையாகப் பணம் வைத்திருந்த ஆப்பிள், உள்நாட்டில் 17 பில்லியன் டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் 2017 ஜூன் முடிவில் வரி எழுதாத வெளிநாட்டு லாபம் 142 பில்லியன் டாலர் என்றும், எழுதியிருந்தால் 45 பில்லியன் வந்திருக்கும் என்றும் குறிப்பில் சொன்னது. இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லியதே பெரிது. கணக்கிடுவது நடைமுறைச் சாத்தியமல்ல என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பலர் அப்படியே முடித்துக்கொண்டார்கள்.

சென்னையிலிருந்து ஒரு சான்று

இந்த வரலாற்றை ஒரே நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் படிக்க வேண்டுமானால் காக்னிசண்ட் பொருத்தமானது. 1994இல் சென்னையில் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் பிரிவாகத் தொடங்கி, 1998இல் நாஸ்டாக்கில் பட்டியலாகி, நியூ ஜெர்சியைத் தலைமையிடமாகக் கொண்டது அது. லாபத்தின் பெரும்பகுதி இந்தியத் துணை நிறுவனத்தில். அந்த லாபம் இந்தியாவிலேயே தங்கும் என்பதுதான் கணக்கில் அதன் நிலைப்பாடாக இருந்தது.

2016 மே மாதம் இந்தியத் துணை நிறுவனம், தன் பங்குதாரர்களான குழுமத்தின் வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து 2.8 பில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகளைத் திரும்ப வாங்கியது. பணம் வெளியேறியது, கூட்டுக் கணக்கில் சுமார் 238 மில்லியன் டாலர் கூடுதல் வரிச் செலவு ஏறியது. இது ஒரு முறை மட்டும் நடந்தது என்பதால் மீதி லாபத்தைப் பற்றிய பழைய நிலைப்பாடு நீடித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கச் சட்டம் மாறியது. வெளிநாட்டில் குவிந்திருந்த லாபம் முழுவதும் வந்துவிட்டதாகக் கருதி ஒரு முறை வரி விதிக்கப்பட்டது. நிர்வாகம் என்ன நினைத்தாலும் இனிப் பொருட்டில்லை. காக்னிசண்ட் 2017இல் இதற்காக எழுதிய நிகரச் செலவு 617 மில்லியன் டாலர். 2020இல் இந்தியா ஈவுத்தொகைப் பகிர்வு வரியை நீக்கி, வரியைப் பங்குதாரர் பக்கம் மாற்றியது. அமெரிக்காவிலும் விதிமுறைகள் இறுதி செய்யப்பட்டன. அந்த ஆண்டு நிறுவனம் முந்தைய ஆண்டுகளின் இந்திய லாபம் பற்றிய தன் நிலைப்பாட்டையே திரும்பப் பெற்று 140 மில்லியன் டாலர் வரிச் செலவு எழுதியது. அதே லாபம், அதே சென்னை. மாறியதெல்லாம் டெல்லியிலும் வாஷிங்டனிலும்.

2016 பரிவர்த்தனைக்கு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. நிறுவனம் அதற்கு இந்தியாவில் 135 மில்லியன் டாலர் வரி கட்டியிருந்தது. பங்குகளைத் திரும்ப வாங்கியது உண்மையில் ஈவுத்தொகைதான் என்று கருதிய வருமான வரித் துறை, 2018 மார்ச்சில் 3,300 கோடி ரூபாய் கூடுதலாகக் கேட்டு வங்கிக் கணக்குகளை முடக்கியது. 2023 செப்டம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. இந்தத் தொகைக்கு அது கணக்கில் ஒதுக்கீடு எதுவும் செய்யவில்லை. விதிப்படி இது தவறல்ல. 2006இல் வந்த அமெரிக்க விளக்கக் குறிப்பு 48, ஒரு வரி நிலைப்பாடு சட்டத்தின்படி நிலைப்பதற்கு ஐம்பது சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டா என்று மட்டுமே முதலில் கேட்கிறது. உண்டு, முழுத் தொகையும் நிலைக்கும் என்று நிறுவனம் முடிவு செய்து, தணிக்கையாளரும் ஏற்றால், வழக்கு குறிப்புரையில் இருக்கும். ஐந்தொகையில் கடனாக இராது. சர்வதேசத் தரத்தில் 2019 முதல் நடைமுறையில் உள்ள விளக்கக் குறிப்பு 23, ஏறத்தாழ இதே வாசலில்தான் நிற்கிறது.

இந்தியாவின் சொந்தத் தரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பட்டயக் கணக்காளர் கழகத்தின் ஏ.எஸ். 22, 2001 ஏப்ரலில் அமலுக்கு வந்து, ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் தொடுத்த வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலையும் பெற்றது. ஆனால் கூட்டுக் கணக்கின் வரி, தனித்தனி நிறுவனங்களின் வரிகளைக் கூட்டினால் வருவது, அவ்வளவே. பங்கிடப்படாத லாபம் என்ற கேள்வியே அதில் எழாது. வெளிநாட்டில் நிறுவனங்களை வாங்கிக் குவிக்கத் தொடங்கிய இந்தியக் குழுமங்களுக்கு இது வசதியாக இருந்தது. 2016 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்களுக்கு, ஐ.ஏ.எஸ். 12ஐ ஒட்டிய இந்த் ஏ.எஸ். 12 வந்த பிறகே அவற்றின் ஆடிட்டர்கள் லண்டன், சிங்கப்பூர் லாபம் எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு புதிய விதிகள்

2021 டிசம்பரில் ஓ.இ.சி.டி. வெளியிட்ட மாதிரி விதிகள், ஆண்டு வருவாய் 750 மில்லியன் யூரோவைத் தாண்டும் குழுமங்கள் ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 15 சதவீத வரி செலுத்துவதை உறுதிசெய்ய முனைகின்றன. ஒரு நாட்டில் குறைந்தால் பெரும்பாலும் தாய் நிறுவனத்தின் நாடு மிச்சத்தை வாங்கிக்கொள்ளும். இதற்கும் ஒத்திவைக்கப்பட்ட வரி எழுத வேண்டுமென்றால் ஒவ்வொரு நாட்டின் வருங்கால வரிவிகிதத்தையும் கணிக்க வேண்டும். சர்வதேசத் தர வாரியம் 2023 மே மாதம், அதை எழுதக் கூடாது என்று கட்டாய விதிவிலக்குத் தந்தது. இந்தியா 2025 ஆகஸ்டில் அதைப் பின்பற்றியது. விதிவிலக்குக்கு முடிவுத் தேதி குறிக்கப்படவில்லை. 1972இன் சலுகையை நியாயப்படுத்தும் காரணமும் இதுவேதான், கணக்கிடும் சிரமம். இந்த முறை நிர்வாகத்தின் எண்ணத்தைக் கேட்கவில்லை என்பது ஒரு முன்னேற்றம்.

அதே 2023இல், டிசம்பரில், அமெரிக்க வாரியம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஆண்டில் கட்டிய மொத்த வருமான வரியில் 5 சதவீதமோ அதற்கு மேலோ எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டைப் பெயர் சொல்லித் தொகையோடு காட்ட வேண்டும். பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு இது 2025ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து பொருந்துகிறது. முதலீட்டாளர்கள் பல காலமாகக் கேட்டுவந்த தகவல் இது, வரவேற்க வேண்டியதே. எனினும் திருத்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் உண்டு. வரி எழுதாமல் விட்ட துணை நிறுவனங்களின் வேறுபாடு மொத்தம் எவ்வளவு என்று சொல்லும் கடமை அதில் நீக்கப்பட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் குறிப்பில் 142 பில்லியன் என்று இருந்தது அந்த வகை எண்தான். எழுதாத வரி எவ்வளவு என்று சொல்லும் கடமை மட்டும் மிஞ்சியிருக்கிறது, கணக்கிடுவது நடைமுறைச் சாத்தியமல்ல என்று சொல்லி விலகும் உரிமையோடு.