கர்ப்பகாலத் தூக்கமின்மை: ‘அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடலாமா?

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு வரும் காலை நேரக் கொமுட்டர் இரயிலில், வயிற்றின் மேல் கைவைத்தபடி கண்ணயர்ந்து வரும் கர்ப்பிணிகளைப் பார்க்கலாம். இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு, விடியுமுன் எழுந்து வேலைக்கு வருகிறவர்கள். வீட்டில் சொன்னால், “புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருக்கும், பெத்து எடுத்தா சரியாயிடும்” என்பார்கள். அதில் பாதி உண்மைதான். மற்றப் பாதியை நம்பியிருந்துதான் பலர் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் விழுகிறார்கள்.

சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று முறை எழுவது, குழந்தை உதைத்து விழிப்பது, மீண்டும் படுத்ததும் உறங்கிவிடுவது இயல்பு. படுத்தும் தூக்கம் வராமல் கிடப்பது, நள்ளிரவில் விழித்தால் விடியும்வரை கண்மூடாமல் இருப்பது, வாரத்தில் மூன்று இரவாவது இப்படியே போய்ப் பகலில் எரிச்சலும் அழுகையுமாக இருப்பது தூக்கமின்மை நோய். இது மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்டது என்பது மருத்துவ வரையறை. ஆனால் கர்ப்பிணிக்கு மூன்று மாதம் என்பது கர்ப்பகாலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

தூக்கம் கெட்டால் மனம் கெடுகிறது. மனம் கெட்டால் தூக்கம் மேலும் கெடுகிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பவருக்குப் பிரசவ பயம், கடன், மாமியார் சொன்ன ஒரு சொல் எல்லாமே மலையாகத் தெரியும். பிரசவகால மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவாக்கப்பட்டு, தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ள எடின்பரோ வினாத்தாளின் 10 கேள்விகளில் ஒன்று, மனவருத்தத்தால் தூக்கம் கெடுகிறதா என்பதுதான்.

நல்ல செய்தி, இதற்கு மாத்திரை இல்லாத சிகிச்சை இருக்கிறது. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அதற்குப் பெயர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 208 கர்ப்பிணிகளிடம் இதை இணையம் வழியாகச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 44 விழுக்காட்டினர் தூக்கமின்மையிலிருந்து மீண்டார்கள். வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய 22 விழுக்காட்டினர்தான். மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகளும் சிகிச்சை பெற்றவர்களிடமே அதிகமாகக் குறைந்தன. கனடாவில் 62 பெண்களிடம் நடந்த சிறிய ஆய்வில், கர்ப்பத்தில் செய்த சிகிச்சையின் பலன் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் மனச்சோர்வு குறைந்ததில் தெரிந்தது.

சிகிச்சையின் அடிப்படை எளிது. படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று உடல் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை உடைக்க வேண்டும். இருபது நிமிடம் போல உருண்டும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படுக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. அடுக்குமாடி வீட்டில் கூடத்தில் மாமனார் படுத்திருக்கிறார், எங்கே போய் உட்காருவது என்று கேட்கலாம், நியாயம்தான். அறையிலேயே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டால் போதும், கட்டிலை விட்டு இறங்குவதுதான் முக்கியம். கைத்தொலைபேசியை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டாம்.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது இன்னொரு விதி. பகல் தூக்கத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளலாம். படுக்கையில் கழிக்கும் நேரத்தையே குறைக்கும் முறையும் உண்டு. ஆனால் கர்ப்பிணிகள் அதைச் சொந்தமாகச் செய்து பார்க்கக் கூடாது, பயிற்சி பெற்றவர் கண்காணிக்க வேண்டும். கவலைகளை மாலையிலேயே ஒரு தாளில் எழுதி வைப்பதும், “இன்று தூங்காவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும்” என்ற எண்ணத்தை நிதானமாகப் பரிசோதிப்பதும் சிகிச்சையின் பகுதிகளே. ஓரிரவு தூக்கம் கெட்டதால் குழந்தைக்குக் கேடு வந்துவிடாது.

உடல் காரணங்களையும் முதலில் பார்க்க வேண்டும். இரவில் கால் குடைச்சல் எடுத்து, அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையைத் தே தாரிக்கோடு விழுங்குவது நம் வீடுகளில் சாதாரணம். தேநீர் அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாலைக்குப் பின் காப்பியும் தேநீரும் வேண்டாம்; நாளொன்றுக்குக் காப்பீன் 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு இரவு உணவை முன்னதாக முடித்து, தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கலாம். புதிதாகப் பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் வந்தால், அதிலும் இரத்த அழுத்தம் கூடியிருந்தால், டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். 28 வாரத்துக்குப் பின் பக்கவாட்டில் படுப்பது நல்லது. இடையில் விழித்து மல்லாந்திருப்பதைக் கண்டால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் சரி.

மருந்தகத்தில் தூக்க மாத்திரையோ, சளி மருந்தோ, பெயர் தெரியாத மூலிகைச் சூரணமோ வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஏற்கெனவே மனநல மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், கர்ப்பம் என்றதும் தானாக நிறுத்துவதும் ஆபத்து. இரண்டையும் டாக்டரே முடிவு செய்யட்டும்.

எங்கே கேட்பது? மாதா மாதம் பரிசோதனைப் புத்தகத்தோடு போகும் அதே அரசாங்க கிளினிக்தான் முதல் இடம். எடை, இரத்த அழுத்தம், சிறுநீர் பார்ப்பதோடு பலரின் வரிசை முடிந்துவிடுகிறது; கேட்காவிட்டால் தூக்கத்தைப் பற்றிப் பேச்சே வராது. “மிஸி, சாயா தா போலே தீடோர்” என்று சொன்னாலே பேச்சு தொடங்கும். தேவைப்பட்டால் அங்கிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். காப்பார், பந்திங் பக்கத் தோட்டங்களிலிருந்து பேருந்து மாறி வருகிறவர்கள், எத்தனை நாளாக, வாரத்தில் எத்தனை இரவு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், கிடைக்கும் பத்து நிமிடம் வீணாகாது.

கணவருக்கும் வேலை இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் பத்தியச் சாப்பாட்டுக்கு எடுக்கும் அக்கறையில் கொஞ்சத்தைத் தாயின் இரவுக்கும் ஒதுக்க வேண்டும். ஒரு வேளைப் பாலைக் கறந்து வைத்து, நான்கைந்து மணி நேரம் அவரைத் தொடர்ந்து தூங்கவிட்டாலே பெரிய உதவி. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லையென்றால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளவோ குழந்தையைத் துன்புறுத்தவோ எண்ணம் எழுந்தாலும், இரவு பகலாகத் தூங்காமலேயே படபடவென்று பேசினாலும், இல்லாத குரல் கேட்டாலும், தாயைத் தனியே விடாமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவசர எண் 999. பேசத் துணை வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் மனநலத் தொலைபேசி 15555, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929.