விரலின் விசை

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ பிள்ளைக்கு ‘ஓர்கன்’ வாங்கப் புறப்படும் பெற்றோர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: விரலின் மென்மையையும் வன்மையையும் இக்கருவி அறியுமா? அவ்வினாவின் வரலாறு முந்நூறு ஆண்டுப் பழமை உடையது.

ஐரோப்பாவில் முன்னர் வழங்கிய ஹார்ப்சிகார்ட் என்னும் கருவி, தந்தியை இறகு முனையால் சுண்டிற்று. எவ்வாறு அழுத்தினும் ஒலி ஏறத்தாழ ஒன்றே. 1700 அளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி, தந்தியைச் சிறு சுத்தியலால் தட்டும் பியானோவை ஆக்கினார். அன்றுதொட்டு ஒலியின் ஏற்றத்தாழ்வு விரலின் வசமாயிற்று.

நம்மவர் கைக்கு எளிதில் வந்ததோ ஆர்மோனியம். பாரிஸ் நகரில் 1842இல் தெபெய்ன் காப்புரிமை பெற்ற, காலால் மிதிக்கும் கருவியை, 1875 அளவில் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் கைத்துருத்திப் பெட்டியாக மாற்றினார். அதில் கட்டை காற்றுக்கு வழி திறப்பதோடு சரி; ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தியே. போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதி நெடுங்காலம் மின்விநியோகமின்றிக் கிடந்தது. காற்றினால் பாடும் அப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை.

1983இல் வெளிவந்த யமஹா டி.எக்ஸ்.7, கட்டை இறங்கும் வேகத்தை அளந்து ஒலியை வேறுபடுத்தியது. ஆயினும் வேகத்தை அளப்பது வேறு. பியானோவின் பாரத்தை விரலுக்கு உணர்த்துவது வேறு. வில்லால் மட்டும் எழும் கட்டை இலேசானது. பின்னர்க் கட்டையின் அடியில் சுத்தியல் போன்ற பாரத்தை அமைத்தனர். தாழ்ந்த சுரங்களின் கட்டைகள் கனமாகவும் உயர்ந்தவை இலேசாகவும் அமைந்தன.

தேவாலயப் பாடலுக்கும் பசனைக்கும் இலேசான கட்டைகளே போதும். தூக்கிச் செல்வதும் எளிது. பியானோப் பரீட்சையை நாடும் பிள்ளைக்கு எண்பத்தெட்டுக் கட்டைகளும் சுத்தியற் பாரமும் உள்ள கருவியே ஏற்றது. இலேசான கட்டையில் பழகிய விரல், பரீட்சை மண்டபத்துப் பியானோவின் முன் தளர்ந்துவிடும்.

எனவே, கடையிலேயே ஒரு கட்டையை மிக மெல்லவும், பின் ஓங்கியும் அழுத்திப் பாருங்கள். இடக்கோடிக் கட்டையையும் வலக்கோடிக் கட்டையையும் ஒப்பிடுங்கள். ஒரே கட்டையை விரைந்து பலமுறை தட்டுங்கள், ஒலி விடுபடலாகாது. நூற்றுக்கணக்கான ஒலிகள் உண்டென்னும் விளம்பரத்தில் மயங்க வேண்டா. நெல் விற்ற பணம் பிள்ளையின் விரலுக்குப் பயன்படட்டும்.