பனிக்கடலுக்குப் போன பிள்ளைகள்

ஆம்பூரிலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள மாதனூரில், நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் மாதத்திற்கொரு ஞாயிறு கூடி, படித்தவற்றைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். நண்பர் காலணித் தொழிற்சாலையொன்றின் ஏற்றுமதிப் பிரிவில் பணிபுரிபவர். சென்ற கூட்டத்திற்கு அவர் புத்தகம் ஏதும் கொண்டுவரவில்லை. குடும்பத்தோடு துருவக் கடல்களுக்குச் சென்றுவரும் சொகுசுக் கப்பலொன்றின் வண்ண விளம்பரத் தாளைக் கொண்டுவந்திருந்தார். பல ஆண்டுச் சேமிப்பு கையிலிருக்கிறது, பத்து வயது மகனையும் ஐந்து வயது மகளையும் அழைத்துப் போகலாமா என்பது அவர் கேள்வி. படங்களைப் புரட்டிய மகள் வேறொன்று கேட்டாள்: "அங்க சின்னப் பசங்க இருக்காங்களா?"

தென்துருவத்தைப் பற்றியதெனில் விடை எளிது. அங்கே பூர்வகுடிகள் இல்லை. 1978 ஜனவரியில் எஸ்பெரான்சா தளத்தில் எமிலியோ பால்மா என்னும் குழந்தை பிறந்ததும்கூட அர்ஜென்டினா தன் நில உரிமையை நிலைநாட்டச் செய்த ஏற்பாடுதான். இந்தியாவின் முதல் அண்டார்டிகப் பயணம் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்னும் நார்வேக் கப்பலில் கிளம்பியது. அதில் பெண்களே கிடையாது. சுதீப்தா சென்குப்தாவும் அதிதி பந்தும் செல்ல 1983 ஆகவேண்டியிருந்தது. வடதுருவத்தின் கதை அப்படியல்ல. அங்கே பல தலைமுறைகளாகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு குழந்தை அங்கே போனபோது உள்ளிருந்த குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் அன்று மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம்.

அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர் ராபர்ட் பியரி வடதுருவத்தை அடையும் வெறியில் கிரீன்லாந்துக்கு மீண்டும் மீண்டும் சென்றவர். 1893இல் அவருடைய மனைவி ஜோசஃபின் நிறைசூலியாக உடன் சென்றார். செப்டம்பர் 12ஆம் நாள், வடமேற்குக் கிரீன்லாந்தின் பவுடன் விரிகுடாக் கரையில் எழுப்பிய மரவீட்டில், மகள் மேரி பிறந்தாள். அப்பகுதியின் இனுகுவிட் மக்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்து, இவ்வளவு வெள்ளையான குழந்தை பனியால் ஆனதோ என்று தொட்டுப் பார்த்ததாக ஜோசஃபின் எழுதியிருக்கிறார். 'பனிக்குழந்தை' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

குழந்தையின் முழுப்பெயர் மேரி அனிகீட்டோ பியரி. அனிகீட்டோ என்பது அவளுக்கு முதல் மென்மயிர்த்தோல் உடையைத் தைத்துக் கொடுத்த இனுகுவிட் பெண்ணின் பெயர். தோலோடு பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்தச் செய்தியைச் சட்டென்று கடந்துபோக முடியவில்லை. நம் பக்கத்தில் உப்புத்தோல் வந்து இறங்கும், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும், மயிர் நீங்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பதப்படுத்திய காலம் போய்க் குரோமியம் வந்தது. அதன் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பாகவே எழுதியது. அங்கே ஆவாரையும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. பெண்கள் பிறைவடிவக் கத்தியால் கொழுப்பைச் சுரண்டி, தோலைப் பல்லால் மென்று மென்று இளக்குவார்கள். முதிய பெண்களின் பற்கள் ஈறுவரை தேய்ந்திருக்கும். அந்த வாயிலிருந்து வந்த உடைதான் மேரியைக் குளிர் தீண்டாமல் காத்தது.

1894இல் 'ஃபால்கன்' கப்பலில் தாயும் சேயும் நாடு திரும்பினர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இனுகுவிட் சிறுமியையும் உடன் கொண்டுசென்றார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கலாம். ஓராண்டு அமெரிக்காவில் இருந்துவிட்டு அவள் ஊர் திரும்பினாள். அந்த ஃபால்கன், இவர்களை இறக்கிவிட்டு நியூஃபவுண்ட்லாந்துக்குத் திரும்பும் வழியில் மாலுமிகள் அனைவரோடும் கடலில் காணாமற்போனது. சில வாரங்கள் முன்பின்னாக நடந்திருந்தால் பனிக்குழந்தை என்றொரு கதையே இருந்திராது. இதைச் சொன்னபோது நண்பரின் மனைவி விளம்பரத் தாளை மடித்துக் கீழே வைத்தார்.

ஆனால் எங்களை உறங்கவிடாமல் செய்தது 1897ஆம் ஆண்டுப் பயணம். 'ஹோப்' என்னும் கப்பலில் பியரி மனைவியோடும், நான்கு வயது நிறையவிருந்த மகளோடும் சென்றார். நோக்கம், கேப் யார்க் பகுதியில் கிடந்த 31 டன் விண்கல்லைக் கொண்டுவருவது. கூடாரம், பெண், நாய் என்று அந்த மக்கள் பெயரிட்டிருந்த மூன்று விண்கற்கள் அங்கிருந்தன. இரும்பே கிடைக்காத நாட்டில் அவர்களுடைய கத்தி முனைகளெல்லாம் அக்கற்களிலிருந்து தட்டி எடுத்தவை. சிறிய இரண்டையும் பியரி 1895இலேயே எடுத்துச் சென்றுவிட்டார். இப்போது பெரியதைக் கப்பலில் ஏற்றும்போது சிறுமி மேரி ஒரு மதுப்புட்டியை அதன்மீது உடைத்து, 'அனிகீட்டோ' என்று தன் பெயரையே சூட்டினாள். உடை தைத்த பெண்ணின் பெயர் அவர்களிடமிருந்து பறித்த கல்லின் மேல் ஏறியது இப்படித்தான்.

அதே கப்பலில் இனுகுவிட் மக்கள் ஆறு பேர் ஏற்றப்பட்டனர். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த மானிடவியலறிஞர் பிரான்ஸ் போவாஸ் ஒருவரை அழைத்துவரும்படித்தான் கேட்டிருந்தார். பியரி கொண்டுவந்தது ஆறு பேரை. அவர்களுள் கிசுக் என்னும் வேட்டைக்காரரும் அவருடைய மகன் மினிக்கும் இருந்தனர். மினிக்குக்கு அப்போது ஏழு வயதிருக்கலாம். நியூயார்க்கில் கப்பலைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஒரே கப்பலில் வந்த இரு பிள்ளைகளில் ஒருத்தி தன் வீட்டுக்குப் போனாள், இன்னொருவன் அருங்காட்சியகத்தின் நிலவறைக்குப் போனான்.

சில மாதங்களில் காசநோய் அவர்களைத் தின்றது. 1898 பிப்ரவரியில் கிசுக் இறந்தார். நால்வர் மாண்டனர், ஒருவர் ஊர் திரும்பினார், மினிக் தனியனானான். சிறுவனின் ஆறுதலுக்கென்று அருங்காட்சியகத் தோட்டத்தில் ஓர் அடக்கச் சடங்கு நடத்தினார்கள். புதைத்தது தந்தையின் உடலையன்று, துணி சுற்றிய ஒரு மரக்கட்டையை. கிசுக்கின் எலும்புகள் சேகரிப்பில் வைக்கப்பட்டன. வளர்ந்தபின் உண்மையறிந்த மினிக் தந்தையின் எலும்புகளைக் கேட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லை. 1909இல் கிரீன்லாந்து திரும்பி, மறந்துபோன தாய்மொழியையும் வேட்டையையும் மீண்டும் கற்றான். அங்கும் ஒட்டவில்லை. 1916இல் மறுபடி அமெரிக்கா வந்து, நியூ ஹாம்ப்ஷயரில் மரம் வெட்டும் வேலைக்குச் சென்று, 1918 அக்டோபரில் விஷக்காய்ச்சலுக்குப் பலியானான். விண்கல்லை 1909இல் அருங்காட்சியகம் 40,000 டாலருக்கு ஜோசஃபினிடமிருந்து வாங்கிக்கொண்டது. கென் ஹார்ப்பர் 1986இல் மினிக்கின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிய பிறகுதான் பேச்சு எழுந்தது. 1993இல் நால்வரின் எலும்புகளும் கிரீன்லாந்தின் கானாக்கில் புதைக்கப்பட்டன. விண்கல் இன்னமும் நியூயார்க்கில்தான் இருக்கிறது.

ஜோசஃபினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவது எளிது. எங்களில் ஒருவர் அதைத்தான் செய்தார். ஆனால் 1900இல் ஏழு வயது மேரியோடு கணவரைத் தேடி 'விண்ட்வர்ட்' கப்பலில் போன அவர், பனியில் சிக்கிக் குளிர்காலம் முழுவதும் கப்பலிலேயே இருக்க நேர்ந்தது. வடக்கே தொலைவிலிருந்த பியரிக்கு மனைவியும் மகளும் வந்திருப்பதே தெரியாது. அந்தக் காத்திருப்பில்தான், தன் கணவருக்கு இங்கே இன்னொரு பெண்ணும் ஆண் குழந்தையும் இருப்பதை ஜோசஃபின் அறிந்துகொண்டார். முந்தைய ஆண்டு தன் இரண்டாவது மகளைக் கைக்குழந்தையாகவே பறிகொடுத்திருந்தவர் அவர். மேரிக்கோ அந்தக் குளிர்காலம் விளையாட்டு, கிறிஸ்துமஸ், நாய்க்குட்டிகள். 1932இல் தன் மகன்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு தந்தைக்கு நினைவுத்தூண் எழுப்ப அதே கேப் யார்க்குக்கு அவர் கப்பலேறினார். பியரி விட்டுவந்த இனுகுவிட் மகன்களில் ஒருவரான காலி, தந்தையின் கல்லறையைப் பார்க்க அமெரிக்கா சென்றது 1987இல், எண்பது வயதைக் கடந்தபின்.

நம்மவர்கள் பிள்ளைகளோடு கப்பலேறியது எந்நாளும் உல்லாசத்திற்காக இருந்ததில்லை. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய 'ரஜுலா'வின் மேல்தளத்தில் பாய்விரித்துக் கிடந்த குடும்பங்களை நினைத்தால் போதும். துருவக்கடல் ஓரத்திலும் தமிழ்ப் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள் என்றபோது நண்பர் நம்பவில்லை. 1980கள் தொடங்கி, ஈழத்தமிழர் பலர் நார்வேயின் வடகோடியான பின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்து குடும்பங்களோடு வாழ்ந்தனர். வார்டோ போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் எழாது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பணம் கொடுத்து ஏறும் ஹுர்டிகுருட்டன் கடலோரக் கப்பல், 1893 முதல் அக்கரையோர மக்களின் போக்குவரத்தாக இருந்துவருவது. பின்னாளில் பலர் தெற்கே ஆஸ்லோ பக்கம் நகர்ந்துவிட்டனர்.

இத்தனையையும் மகளுக்கு எப்படிச் சொல்வது என்று நண்பர் கேட்டார். மினிக்கைப் பற்றி இப்போது வேண்டாம், அனிகீட்டோவைச் சொல்லுங்கள், தையற்காரப் பெண்ணைத்தான் கல்லை அல்ல, என்றோம். பிறகு விளம்பரத் தாளின் பின்பக்கப் பொடி எழுத்துகளை ஒருவர் கண்ணாடி போட்டுப் படித்தார். கரையிறங்கும் படகில் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றமாட்டார்களாம். தோல் காலணிக்கும் அங்கே இடமில்லை, கப்பலிலேயே ரப்பர் காலணி தருவார்கள், அளவை முன்கூட்டியே எழுதி அனுப்பவேண்டும். நண்பர் தொழிற்பழக்கத்தில் மகளின் பாதத்தைச் சாணால் அளந்து பார்த்தார். இன்னும் மூன்று வருடம் என்றார்.