கடுகண்ணாவைக் கணவாய்

இலங்கையின் கொழும்பு–கண்டி வீதி (ஏ1), மாவனெல்லையைத் தாண்டி மலைநாட்டுக்கு ஏறும் வழியே கடுகண்ணாவைக் கணவாய். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் ஏற்றம் முடிகிறது. வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு விரியும். தட்டையான உச்சி கொண்ட பதலேகல மலை தூரத்தில் தெரியும். அதை ஆங்கிலேயர் ‘பைபிள் பாறை’ என்றனர்.

கண்டி இராச்சியக் காலத்தில் இப்பகுதியின் காவல் அரணாக இருந்தது அருகிலுள்ள பலன கோட்டை. 1594இல் மலையேறி வந்த போர்த்துக்கேயப் படை தந்துறையில் அழிந்தது.

கணவாயின் வரலாறு விரிவாகப் பதிவாகியிருப்பது பிரித்தானியர் காலத்திலிருந்துதான். 1815 மார்ச் ஒப்பந்தத்தால் கண்டி அவர்கள் கைக்குச் சென்றது. 1817–18 கிளர்ச்சி, படையையும் தளவாடங்களையும் மலைக்கு விரைந்து அனுப்ப வழியில்லாத நிலையை அவர்களுக்கு உணர்த்தியது. எட்வர்ட் பார்ன்ஸ் பதில் தேசாதிபதியாக இருந்த 1820இல் வீதிப் பணி தொடங்கியது. தடத்தை வகுத்து முன்னின்றவர் அரச பொறியியற் படையைச் சேர்ந்த கப்டன் டபிள்யூ. எப். டோசன். சரிவை வெட்டியும் கல் சுமந்தும் பாதை அமைத்தவர்களில் பெரும்பாலோர் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு அழைத்து வரப்பட்ட கிராமத்தவர்கள். அம்முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. அவர்களது பெயர் தாங்கிய கல் எதுவும் வீதியோரத்தில் இல்லை.

டோசனுக்கோ கோபுரமே இருக்கிறது. அவர் 1829 மார்ச் 28 அன்று கொழும்பில் இறந்ததாகவும், நண்பர்கள் திரட்டிய நிதியில் 1832இல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டதாகவும் அதன் கல்வெட்டு கூறுகிறது. பாம்பு கடித்து இறந்தார் என்பது வாய்மொழிச் செய்தி. மெலிந்துயர்ந்த வெண்ணிறக் கோபுரம் அது. உள்ளே மரத்தாலான சுழற்படிகள் இருளோடு இருளாக மேலேறுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இப்படியொரு தச்சு வேலையை எதிர்பார்க்கமாட்டார்கள்.

பாதையில் அனைவரும் வண்டியை நிறுத்தும் இடம் குடைந்த பாறை. மலை துளைக்கப்படும்வரை கண்டி அந்நியர் வசமாகாது என்று ஒரு முன்கூற்று இருந்ததாகவும், அதை நிறைவேற்றிக் காட்டவே ஆங்கிலேயர் பாறையைக் குடைந்ததாகவும் கதை உண்டு. ஆனால் கண்டி வீழ்ந்து சில ஆண்டுகள் கழித்தே இப்பணி நடந்தது. அம்முன்கூற்றைக் குருநாகல் பாதையிலுள்ள வேறொரு குடைவோடு இணைத்துச் சொல்வாரும் உளர். இன்றைய கனரக வாகனங்கள் பாறையின் பக்கமாக வெட்டிய அகன்ற வழியில் செல்கின்றன. பழைய வாயில் அப்படியே நிற்கிறது.

வீதி நிறைவுற்ற ஆண்டாக எதைக் கொள்வது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. பகுதி பகுதியாகவே அது பயன்பாட்டுக்கு வந்தது. 1832 பெப்ரவரியில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே இத்தகைய முதற்சேவை இதுவென்பர். பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரை மரத்தால் ஒரே வளைவாக அமைந்த பாலம் 1833இல் முடிந்தது. ஆணியோ திருகோ இன்றி மரத்தோடு மரம் பொருத்தி எழுப்பியது என்பதால் அக்காலப் பயணிகளின் வியப்புக்கு ஆளானது. 1905இல் அதன் இடத்தில் இரும்புப் பாலம் வந்தது.

கோப்பி மூட்டைகளோடு மாட்டு வண்டிகள் இறங்கிய காலத்தில், கணவாயின் கீழுள்ள உத்துவன்கந்த மலையை மறைவிடமாகக் கொண்டு சரதியேல் வழிப்பறி செய்தான். செல்வரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தான் என்று மக்கள் கொண்டாடுகிறார்கள். எவ்வளவு கொடுத்தான் என்பதை உறுதிசெய்வது கடினம். 1864 மார்ச் 21 அன்று அவனைப் பிடிக்கப்போன சபான் என்னும் பொலிஸ்காரர் சுடப்பட்டு இறந்தார். சரதியேலும் அவனது தோழன் மம்மலே மரிக்காரும் அதே ஆண்டு மே 7 அன்று கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

1867இல் கண்டிவரை புகையிரதம் வந்ததும் தபால் வண்டியின் காலம் முடிந்தது. ரம்புக்கனையிலிருந்து ஏறும் தண்டவாளம், பாறை விளிம்பை ஒட்டி இதே பள்ளத்தாக்கை வேறு கோணத்தில் காட்டுகிறது.

வீதியோரத்து அம்பலம் என்னும் பழைய வழிப்போக்கர் மண்டபம் இன்றும் நிற்கிறது. கடுகண்ணாவையில் 2014இல் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மழைக்காலங்களில் மண்சரிவு அபாயத்தால் வீதி அவ்வப்போது மூடப்படுகிறது.