தனுஷ்கோடி: கடந்து போனவர்களின் துறைமுகம்

எங்கள் அனுப்பர்பாளையத்தில் பித்தளையையும் தாமிரத்தையும் தட்டிப் பாத்திரமாக்குவது தலைமுறைத் தொழில். காசிக்குப் போகிறவர்கள் முதலில் தனுஷ்கோடியில் நீராடி, அந்த மணலை எடுத்துச் சென்று கங்கையில் கரைத்து, அங்கிருந்து செம்பில் நீர் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வார்கள் என்று பட்டறைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே எங்களுக்குத் தனுஷ்கோடி முதலில் ஒரு தீர்த்தத்தின் பெயர். பின்னர் ஒரு புயலின் பெயர். அது ஒரு துறைமுகத்தின் பெயரும்கூட என்பதை நெடுநாள் கழித்தே அறிந்தோம். அண்மையில் நண்பர்கள் சிலர் அங்கு சென்றுவந்த பிறகு, அந்த மூன்றாவது தனுஷ்கோடியைப் பற்றி எழுதத் தோன்றியது.

பாம்பன் தீவின் தென்கிழக்கு மூலை, நீண்டு மெலிந்து ஒரு மணல்திட்டாகக் கடலுக்குள் போகிறது. ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. மீனவர்கள் அமைதியானதைப் பெண்கடல் என்றும், சீறுவதை ஆண்கடல் என்றும் அழைக்கிறார்கள். உழுவதற்கு மண் இல்லாத இந்த இடத்தில் ஒரு நகரம் தானாக வளர்ந்திருக்க முடியாது. அதை உண்டாக்கியது ரயில்.

1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தபின், சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் அங்கே கப்பலேறினார்கள். 1914 பிப்ரவரி 24 அன்று, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுடைய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் பாதை மாறியது. தண்டவாளம் தனுஷ்கோடித் துறையில் வந்து முடிந்தது; எதிர்க்கரையில் தலைமன்னாரிலிருந்து இன்னொரு தண்டவாளம் தொடங்கியது. இடையில் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கடல். எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்புவரை போகலாம். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இர்வின், கோஷன் என்னும் நீராவிக் கப்பல்கள் பிற்காலத்தில் இந்தக் கடலைக் கடந்தன.

ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் தந்தி நிலையம், மருத்துவமனை, பள்ளி, மாதா கோயில், சத்திரங்கள் என்று மணல்மேல் ஓர் ஊர் எழுந்தது. அவ்வூரின் இயல்பை ஒரு சொல்லில் கூறுவதானால் 'காத்திருப்பு' என்று கூறலாம். ரயிலுக்குக் கப்பலும், கப்பலுக்கு ரயிலும், இரண்டுக்கும் மனிதர்களும் காத்திருந்தார்கள்.

யார் அந்த மனிதர்கள்? யாத்ரீகர், வியாபாரிகள், அதிகாரிகள் ஆகியோரை நாம் எளிதில் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இந்தப் பாதையில் பெருந்தொகையாகச் சென்றவர்கள் இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் பாய்மரப் படகில் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து, வழியிலேயே மடிந்தும் போனவர்கள். ரயில் அந்த நடையை ஒழித்தது. ஆனால் அதற்கு ஈடாக, மண்டபம் முகாமில் அடைத்துவைத்துத் தொற்றுநோய்ச் சோதனை செய்து கணக்கெடுத்து அனுப்பும் ஒழுங்கைக் கொண்டுவந்தது. தனுஷ்கோடி அவர்கள் மிதித்த கடைசி இந்திய மண். அங்கே தங்கியது சில மணி நேரம். எதிர்க்கரையில் தங்கியதோ தலைமுறைகள்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணி ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு தனுஷ்கோடியை நெருங்கும்போது கடலுக்குள் போயிற்று. விடிவதற்குள் ஊரும் போயிற்று. இது பலமுறை எழுதப்பட்டுவிட்ட கதை. நாங்கள் கவனிக்க விரும்புவது அதற்குப் பின் நிகழ்ந்ததை.

அதே புயல் பாம்பன் பாலத்தின் 126 தூலங்களையும் அடித்துச் சென்றது. இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் அந்தப் பாலம் 46 நாட்களில் சீர்செய்யப்பட்டது. ஆனால் இராமேஸ்வரத்துக்கு அப்பால் ரயில் போகவில்லை. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கப்பல்துறை இராமேஸ்வரத்துக்கு மாறியது. ஊரை அழித்தது கடல்தான். அது மீண்டும் எழ வேண்டியதில்லை என்று தீர்மானித்தது கடலன்று. அம்முடிவில் நியாயமில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கடந்து போவதற்காக மட்டுமே கட்டப்பட்ட ஊர், பாதை மாறினால் யாருக்கும் தேவைப்படாமல் போகிறது என்பதையே குறிப்பிடுகிறோம்.

புயலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 1948இன் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. தனுஷ்கோடி வழியே போனவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் திரும்பி வந்தபோது, தனுஷ்கோடி இல்லை. இராமானுஜம் என்ற கப்பல் அவர்களை இராமேஸ்வரத்தில் இறக்கிற்று. பலர் மண்டபம் முகாம் வழியாக எங்கள் கொங்குநாட்டுக்கு மேலேயுள்ள நீலகிரிக்கு வந்து, மறுபடியும் தேயிலையே பறித்தார்கள். 1984இல் அந்தக் கப்பலும் நின்றது.

உலகின் வேறொரு கோடியிலும் இப்படி ஒரு துறை உண்டு. ருஷ்யாவின் சகலின் தீவிலுள்ள கோர்சகோவ். கைதிகளின் குடியிருப்பாக அதை 1890இல் செகாவ் கண்டு எழுதினார். 1905க்குப் பின் தென்சகலின் ஜப்பானின் வசமாயிற்று. 1923 முதல் 1945 வரை ஜப்பானிய ரயிலின் தொடர்ச்சியாக ஒரு கப்பல் அங்கே வந்துபோயிற்று. போர் முடிந்ததும் ஜப்பானியர் ஊர் திரும்ப, வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள் மட்டும் வராத கப்பலுக்காகத் துறையை நோக்கிக் காத்திருந்தார்கள். எல்லைகள் நகரும்போது நடுவில் நிற்பவர்கள் தொழிலாளிகள்தாம் என்பதற்கு இரு தீவுகளும் சாட்சி.

2017இல் அரிச்சல்முனைவரை சாலை போடப்பட்டபின் தனுஷ்கோடிக்குச் சுற்றுலாக் கூட்டம் பெருகியிருக்கிறது. 'ஆவி நகரம்' என்று அதற்கொரு விளம்பரப் பெயர். மாதா கோயிலின் கூரையற்ற சுவர்களுக்குமுன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள், நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்தச் சுவர்களுக்குச் சற்றுத் தள்ளி ஓலைக்குடிசைகள் இருக்கின்றன. புயலுக்குப் பிறகும் திரும்பிவந்து, கரைவலை இழுத்து, மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுத்து வாழும் மீனவர்களின் குடிசைகள் அவை. ரயிலுக்கு முன்பும் அக்கடலில் மீன்பிடித்தவர்களுக்கு, ரயில் போனதால் ஊர் முடிந்துவிடவில்லை. ஆட்கள் வாழும் ஊரை ஆவி நகரம் என்பது, அவர்களைக் கணக்கில் எடுக்காத பேச்சு.

திருப்பூர்க்காரர்களாகிய எங்களுக்கு இது தொலைவான செய்தியாகத் தோன்றவில்லை. எங்கள் ஊரும் வெளியிலிருந்து வருகிறவர்களின் உழைப்பாலும் வெளிநாட்டுக்குப் போகும் சரக்காலும் நிற்பது. 2020இல் ரயிலுக்காகக் காத்திருந்த பீகார், ஒடிசாத் தொழிலாளர்களின் கூட்டத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்கள் போன பிறகு சில வாரங்கள் எங்கள் தெருக்கள் எப்படி இருந்தன என்பதும் நினைவிருக்கிறது.

திரும்பும்போது எங்களில் ஒருவர் சிறிய தாமிரச் செம்பில் கொஞ்சம் மணல் எடுத்து வந்தார். காசிக்குப் போகும் எண்ணம் அவருக்கு இல்லை. செம்பு இப்போது பட்டறை மாடத்தில் இருக்கிறது.