நாய் வளர்க்க ஆசையா? அதன் சுறுசுறுப்புக்கு உங்களால் ஈடுகொடுக்க முடியுமா?

நாய் வாங்க நினைப்பவர்களில் பலர் முதலில் பார்ப்பது அதன் முகத்தை. அடுத்து ரோமம், பிறகு விலை. 'இந்த நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நடையும் விளையாட்டும் தேவை?' என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சில வீடுகளில் அது வருவதே இல்லை.

விளைவு? கடித்துக் குதறப்பட்ட காலணிகள், ஓயாத குரைப்பு, அண்டைவீட்டாரின் புகார். இறுதியில், "எங்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை" என்று நாயை வேறு யாரிடமாவது கொடுக்கும் நிலை.

நாய்கள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுவரை வாழும். அத்தனை ஆண்டு உங்களோடு இருக்கப்போகும் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன் எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

வீவக வீட்டில் எந்த நாய்க்கு அனுமதி?

வீவக வீடு ஒன்றில் ஒரு நாயை மட்டுமே வளர்க்கலாம். அதுவும் கழகம் அங்கீகரித்த சிறிய இனமாக இருக்க வேண்டும். பட்டியலில் 62 இனங்கள் உள்ளன. விதிமுறையை மீறினால் 4,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கப்படலாம்.

கோல்டன் ரிட்ரீவர், பார்டர் கோலி, பீகிள் போன்றவை பட்டியலில் இல்லை. தனியார் வீட்டில் வசிப்போருக்குத் தெரிவு அதிகம்.

எந்த வீடாக இருந்தாலும், 3 மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு உரிமம் கட்டாயம். தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு அதை வழங்குகிறது.

சின்ன நாய்தானே, சும்மா படுத்துக் கிடக்குமா?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். வீவக பட்டியல் நாயின் உருவ அளவைப் பார்க்கிறது. சுறுசுறுப்பைப் பார்ப்பதில்லை.

ஜாக் ரசல் டெரியர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கையில் தூக்கிக்கொள்ளலாம் என்ற அளவுதான். ஆனால் இங்கிலாந்தில் நரி வேட்டைக்கென்று உருவாக்கப்பட்ட இனம் அது. துரத்துவதும் தோண்டுவதும் அதன் இயல்பு. ஷெட்லாந்து ஷீப்டாக்கும் பட்டியலில் உண்டு. மந்தை மேய்த்த இனம் என்பதால் எப்போதும் விழிப்போடு இருக்கும். வேலை இல்லை என்றால், ஓடும் பிள்ளைகளையும் சைக்கிள்களையும் பார்த்துக் குரைப்பதையே வேலையாக எடுத்துக்கொள்ளும்.

மாறாக, பந்தயத்துக்குப் பெயர்போன கிரேஹவுண்ட் பெரிய நாய்தான். ஆனால் ஒரு நல்ல ஓட்டம் ஓடிவிட்டு, மீதி நேரம் சோபாவில் தூங்கிப் பொழுதைக் கழிக்கும்.

ஆக, நாயின் அளவைவிட, அது முன்பு எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது என்பதைக் கேளுங்கள்.

எந்த நாய்க்கு எவ்வளவு நேரம்?

இவை தோராயமான அளவுதான். ஒரே இனத்திலும் நாய்க்கு நாய் வேறுபடும்.

- குறைவு: ஷிட்ஸு, மால்டீஸ், சிவாவா, பக். துணைக்கென்று வளர்க்கப்பட்டவை. காலையும் மாலையும் சேர்த்து அரை மணி முதல் முக்கால் மணி நேர நடையும் கொஞ்சம் விளையாட்டும் போதும்.

- நடுத்தரம்: மினியேச்சர் ஷ்னாவ்சர், மினியேச்சர் பூடல். சுமார் ஒரு மணி நேரம். இரண்டும் புத்திசாலி என்பதால் மூளைக்கும் வேலை வேண்டும்.

- அதிகம்: ஜாக் ரசல் டெரியர், ஷெட்லாந்து ஷீப்டாக். ஒரு மணி நேரத்துக்குக் குறையாத நடையோடு ஓட்டம், பயிற்சி, விளையாட்டு எல்லாம் தேவை. தனியார் வீடுகளில் வளர்க்கப்படும் லாப்ரடோர், பார்டர் கோலிக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

'சிங்கப்பூர் ஸ்பெஷல்' எந்த வகை?

உள்ளூர்க் கலப்பின நாய்களை இங்கு 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாக அழைக்கிறோம். 2012இல் தொடங்கிய 'அடோர்' திட்டத்தின்கீழ் அவற்றை வீவக வீடுகளில் வளர்க்கலாம். 2020இல் விதிமுறை தளர்த்தப்பட்டது. இப்போது உயரம் 55 சென்டிமீட்டருக்குள் இருந்தால் போதும், எடைக்கு வரம்பு இல்லை.

இந்த நாய்களின் குணத்தை இனப்பெயரை வைத்துச் சொல்ல முடியாது. சிலவற்றுக்கு நீண்ட நடை பிடிக்கும். சில கூச்ச சுபாவம் கொண்டவை, மின்தூக்கிக்கும் வாகனச் சத்தத்துக்கும் மிரளும். அன்றாடம் அதைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்பதே சிறந்த வழி. "நடை முடிந்து வந்ததும் படுத்துவிடுமா, இன்னும் விளையாடக் கூப்பிடுமா?" என்ற ஒரு கேள்வியே நிறையச் சொல்லிவிடும்.

உங்கள் நாளை முதலில் கணக்குப் போடுங்கள்

வார இறுதியை வைத்து முடிவெடுக்காதீர்கள். வழக்கமான ஒரு செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பாருங்கள்.

- காலையில் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புறீங்க? திரும்பி வர எவ்வளவு நேரமாகும்? பயண நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

- அந்த நேரம் முழுதும் நாய் தனியாகவா இருக்கும்? வளர்ந்த நாய்க்கே எட்டு மணி நேரம் நீண்ட காத்திருப்பு. குட்டியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கவனிக்க வேண்டும்.

- வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் வெளியே அழைத்துச் செல்லத் தெம்பு இருக்குமா? மழை நாளில்?

- நடத்திச் செல்லப்போவது யார்? தாத்தா பாட்டியோ இல்லப் பணிப்பெண்ணோ என்றால், வாரை இழுக்கும் நாயைச் சமாளிக்க அவர்களால் முடியுமா? முடிவெடுக்குமுன் அவர்களையும் கேளுங்கள்.

- அடுத்த சில ஆண்டுகளில் என்ன மாறும்? குழந்தை, புதிய வேலை, தேசிய சேவைக்குச் செல்லும் மகன்?

"பிள்ளைகள் பார்த்துக்குவாங்க" என்பது பல வீடுகளில் கேட்கும் வாக்குறுதி. தொடக்கநிலை இறுதித் தேர்வு நெருங்கும்போது அந்தப் பொறுப்பு பெற்றோரிடம்தான் வந்து சேரும். ஆக, அது பெரியவர்களின் நேரத்துக்குப் பொருந்த வேண்டும்.

நம் ஊர் வெயில்

நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைப்பதன் மூலமே உடலைத் தணித்துக்கொள்கின்றன. பக், ஷிட்ஸு போன்ற தட்டை முக நாய்களுக்கு அது சிரமம். கடும் வெயிலில் நடத்திச் சென்றால் வெப்பத்தாக்கம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

காலையில் வெயில் ஏறுமுன், மாலையில் வெயில் தாழ்ந்த பின் என்று நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையைத் தரையில் சில வினாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். அந்த இரண்டு வேளையும் நீங்கள் வீட்டில் இல்லை என்றால், அதிகச் சுறுசுறுப்பான நாய் உங்களுக்கு ஏற்றதல்ல.

குட்டியா, வளர்ந்த நாயா?

குட்டி அழகுதான். ஆனால் பெரிதானதும் எவ்வளவு துள்ளும் என்பதை அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஏறக்குறைய 6 மாதம் முதல் ஒன்றரை வயதுவரை பதின்ம வயதுப் பிள்ளை மாதிரி: தெம்பு அதிகம், பேச்சுக் கேட்பது குறைவு.

இரண்டு வயதைத் தாண்டிய நாயின் குணம் ஓரளவு தெரிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள், மூத்தோர் உள்ள குடும்பங்கள் வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது பற்றி யோசிக்கலாம். ஒரு முறை பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வெவ்வேறு நேரங்களில் பாருங்கள், நடத்திச் செல்லுங்கள். தற்காலிகமாக வைத்துப் பராமரிக்க வாய்ப்பு இருந்தால் அதையும் கேளுங்கள்.

நடை மட்டும் போதுமா?

போதாது. மோப்பம் பிடிப்பதும் நாய்க்கு ஒரு வேலைதான். நடையின்போது அவசரப்படுத்தாமல் முகர விடுங்கள். வீட்டில் உணவைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துத் தேட விடலாம். ஐந்து பத்து நிமிடப் பயிற்சியும் நாயைக் களைப்படையச் செய்யும். வார இறுதியில் பீஷான்-அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா போன்ற இடங்களில் நாய்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியில் ஓட விடலாம்.

ஏற்கனவே பொருந்தாத நாய் வீட்டில் இருந்தால்?

நாயைத் திட்டுவதில் பயனில்லை. காலை நடையை 15 நிமிடம் கூட்டிப் பாருங்கள். பகலில் நடத்திச் செல்ல உறவினரையோ கட்டணச் சேவையையோ நாடலாம். குணம் திடீரென மாறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வலியும் காரணமாக இருக்கலாம்.

உண்மையிலேயே முடியவில்லை என்றால், பொருத்தமான புதிய வீட்டைப் பொறுமையாகத் தேடுங்கள். விலங்குநல அமைப்புகளிடம் ஆலோசனை கேளுங்கள். வெளியே விட்டுவிட்டு வருவது மட்டும் கூடாது. அது குற்றம். முதல்முறை பிடிபடுவோருக்கே 10,000 வெள்ளிவரை அபராதம், 12 மாதம்வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இன்னும் நாய் வாங்கவில்லையா? இரண்டு வாரத்துக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். தினமும் காலை அரை மணி, இரவு அரை மணி நேரம் புளோக்கைச் சுற்றி நடந்து வாருங்கள், நாய் இல்லாமலேயே. எத்தனை நாள் தவறவிட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எந்த வகை நாய் உங்களுக்குச் சரிப்படும் என்பது அப்போது ஓரளவு தெரிந்துவிடும்.