தொண்டை நாட்டுக் கடற்கரையில் மனை விற்பனையும் பருவமும்

மனை கொள்வார் பொருளை மட்டுமன்றி மாதத்தையும் எண்ணிப் பார்த்தல் தமிழர் வழக்கு. ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகுதலைத் தவிர்ப்பர். தையிலும் வைகாசியிலும் விரும்புவர். இவ்வழக்கு நம்பிக்கையின் பாற்பட்டது மட்டுமா, நிலத்தின் இயல்பினின்றும் தோன்றியதா என்பது ஆராயத்தக்கது. கல்பாக்கமும் சதுரங்கப்பட்டினமும் அடங்கிய, பாலாற்று முகத்துவாரத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடைப்பட்ட கடற்கரை இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும்.

முதற்கண் சான்றுகளின் இயல்பை நோக்குவோம். சோழர் காலத்து விலையாவணக் கல்வெட்டுகள் பல ஆட்சியாண்டை மட்டுமே கூறி அமைகின்றன. சில, 'மகர நாயற்று', 'விருச்சிக நாயற்று' என ஞாயிறு நின்ற இராசியையும் குறிக்கின்றன. முன்னது தை, பின்னது கார்த்திகை. இத்தகையவற்றைத் தொகுப்பின் விற்பனை நிகழ்ந்த பருவம் புலனாகும். ஆயினும் ஆவணம் எழுதிய நாள் வேறு, விலை பேசிய நாள் வேறு என்பதை மறத்தலாகாது.

தொண்டை மண்டலத்து மீராசு முறை மற்றொரு செய்தியை உணர்த்துகின்றது. எல்லிசு என்பார் மீராசு உரிமை குறித்து எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின. மீராசுப் பங்கு என்பது விளைநிலம் மட்டும் அன்று. ஊரில் மனைக்கட்டும் அதனுள் அடங்கும். நிதி, நிட்சேபம், சலம், பாடாணம் முதலிய எட்டுப் போகங்களும் உடன் செல்லும் என விற்பனை ஆவணங்கள் கூறும். எனவே, வயல் கைம்மாறும் பருவமே மனை கைம்மாறும் பருவமாகவும் இருந்தது எனக் கருதுதல் பொருந்தும்.

அப்பருவம் யாது? ஏரிப் பாசனத்தை நம்பிய இப்பகுதியில் ஆடி, ஆவணியில் சம்பாவுக்கு வித்திடுவர், தையில் அறுப்பர். ஆகவே ஆடியில் உழவன் கைப்பொருள் நிலத்திற்குச் செல்லும். தையில் திரும்பி வரும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை மிகுதலின், மண்சுவர் எழுப்புதலும் கூரை வேய்தலும் அரிய. பஞ்சாங்கங்கள் வாத்து புருடன் கண்விழிக்கும் எட்டு மாதங்களுள் ஆடியையும் சேர்த்தே எண்ணுகின்றன. மனைகோலுதற்கு விலக்கப்படாத ஆடி, குடிபுகுதற்கு மட்டும் விலக்கப்படுதல் நோக்கத்தக்கது. பொருளின் நெருக்கடியே நாளடைவில் நம்பிக்கையாய் உருப்பெற்றிருக்கலாம் என்று கொள்ள இஃது இடந்தருகின்றது.

சட்டம் இவ்வழக்கை மாற்றவில்லை, அதற்கு இடமளித்தது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புடைய அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிவுக்குக் கொணர நான்கு மாதம் தவணை அளிக்கின்றது. ஆனியில் எழுதிய பத்திரத்தை ஆவணியில் பதிவு செய்ய அதனால் இயலும். ஆடியைக் கடக்க அத்தவணை போதும். மங்கல நாட்களில் பதிவு அலுவலகங்கள் கூடுதல் டோக்கன் வழங்குதல் அண்மைக்கால வழக்கம். அரசும் மாதத்தை எண்ணுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

1971-இல் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பெற்றது. அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அறுவடையை எதிர்நோக்காது திங்கள்தோறும் ஊதியம் பெறுவோர் இங்குக் குடியேறினர். அவர்க்கு ஆடியும் தையும் வருவாயால் ஒன்றே. எனினும் வழக்கு மறையவில்லை. காரணம் நீங்கிய பின்னும் காரியம் நின்றது.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. முன்னாளில் மனை கொண்டவன் பெரும்பாலும் அவ்வூரான். நீர் தேங்கும் இடமும் மேட்டு நத்தமும் அவன் அறிவான். இன்று கொள்பவன் அயலூரான். தையில் உலர்ந்த நிலத்தையே காண்கின்றான். 2015-ஆம் ஆண்டுக் கார்த்திகை வெள்ளமும், 2022 திசம்பர் 9 இரவு மாமல்லபுரத்தையொட்டிக் கரைகடந்த மாண்டசு புயலும் மழைக்காலத்தன. தையில் வாங்குபவன் கண்ணுக்கு அவை படுவதில்லை. விற்பவன் பைக்கு ஏற்ற பருவம், வாங்குபவன் கண்ணுக்கு ஏற்ற பருவமன்று.

ஆதலின் தையில் ஆவணம் எழுதுக; மனையைக் கார்த்திகையில் காண்க. பழைய வழக்கைக் கைவிடாமலே அதன் குறையை நிரப்பும் வழி இதுவாகும்.